அக்கா பார்த்த மலைத் தபால்காரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தீவிலிருந்து வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உப்புக் காற்றில் தலைமுடி மட்டும் துடைப்பமாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால், "முட்டிக்குள் தகடு வைத்தவள் எப்படி இருப்பாளாம்?" என்று ஆரம்பித்துவிடுவாய். மாமா எப்படி இருக்கிறார்?

இந்த வானிலை நிலையத்தில் ஒரே ஒரு தொலைபேசிதான் இருக்கிறது, அதுவும் அவசரத்துக்கு மட்டும். நீ ஏணியிலிருந்து விழுந்தது எனக்கு அவசரம். எங்கள் நிலையத் தலைவருக்கு அது செய்தி. இணையத்தில் காற்றுக் கணக்கும் மழைக் கணக்கும் போகலாம், மனிதர் பேச்சு போகக் கூடாது. ஆகவே சாமான் கொண்டுவரும் படகுதான் நமக்குத் தபால். நான் ஒன்று கேட்டு நீ பதில் சொல்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் பேசினால் நாம் இரண்டு நிமிடம் தாண்டுவதில்லை, மூன்றாவது நிமிடம் சண்டை.

இத்துடன் என் சாக்ஸுக்குள் சுருட்டி ஒரு சின்ன டிஸ்க் அனுப்பியிருக்கிறேன். டிவிக்குப் பின்னால் செருகச் சொல். அதில் இருப்பது என் உயிர். அதைப் பொம்மைப் படம் என்று சொல்லாதே. அனிமே என்று சொல். நீ படுத்திருக்கும் இந்த நேரத்தை விட்டால் உன்னைப் பார்க்க வைக்க எனக்கு வேறு நேரம் வாய்க்காது.

முதலில் "காணாமற்போன பொருள் அலுவலகம்" பார். ஒரு ரயில் நிலையம், மூன்று பெண்கள், ஒரு அலமாரி. யாரோ குடையைத் தேடி வருவார், யாரோ பல்செட்டைத் தேடி வருவார். வேறொன்றும் நடக்காது. ஒன்றுமே நடக்காத கதையை இவ்வளவு அழகாகச் சொல்ல ஜப்பான்காரர்களை விட்டால் ஆள் இல்லை என்பது என் கட்சி. அடுத்தது "பக்கத்து பெஞ்சு". பள்ளிக்கூடக் காதல். பையன் அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கக் கடைசிப் பாகம் வரை ஆகும். எரிச்சல் வரும், ஆனால் விட முடியாது. "இரும்புப் படை"யையும் போட்டிருக்கிறேன். ராட்சத எந்திர மனிதர்கள் ஊரை இடிக்கும் வகை. எனக்குப் பிடிக்காது. முதல் ஆறு பாகத்தைத் தாண்டினால் பிடித்துவிடும் என்கிறார்கள். ஆறு பாகம் பொறுத்துப் போக அது என்ன கல்யாணமா?

கடைசியில் "மலைத் தபால்காரி" இருக்கிறது. அதை மட்டும் இப்போது தொடாதே. இருபது வருடமாகப் பார்த்ததிலேயே அதுதான் எனக்கு முதலிடம். வசனத்துக்கு அடியில் தமிழ் எழுத்து போட்டது நானே, போன மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தேன். ஆனால் அது கல்லையும் அழ வைக்கும். காலை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்க்கிற கதை அல்ல. நீ எழுந்து நடந்த பிறகு பார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆரம்பப் பாட்டைத் தள்ளி ஓட்டாதே. ஓட்டினால் நான் உன் தங்கை இல்லை.

உன் செல்லத் தங்கை,
வாலு


மார்ச் 19

அன்புள்ள வாலுவுக்கு,

உன் சாக்ஸ் வந்து சேர்ந்தது. துவைத்து அனுப்பியிருக்கலாம்.

மாமாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து எனக்குச் சமைத்துப் போடுகிறார். அவர் சமையலைச் சாப்பிட்டால் நானும் சீக்கிரம் எழுந்துவிடுவேன், சமையலறையைக் காப்பாற்றுவதற்காகவாவது.

உன் படங்களைப் பார்த்தோம். குடையைத் தேடி வருகிறவர்கள் கதை நன்றாகத்தான் இருந்தது. நடுநடுவே தூங்கினேன், எழுந்து பார்த்தபோதும் ஒன்றும் நடந்திருக்கவில்லை. "பக்கத்து பெஞ்சு" எனக்கு ஒத்துவரவில்லை. மாமா மட்டும் ஒரு பாகம் விடாமல் பார்த்து, கடைசியில் அந்தப் பையன் கையைப் பிடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கையை நிமிர்ந்துகூடப் பார்க்காத மனுஷன்.

நீ வேண்டாம் என்ற "இரும்புப் படை" இருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது! கேபினுக்குள் ஒருத்தி உட்கார்ந்து, இரண்டு கையிலும் லீவரைப் பிடித்து அவ்வளவு பெரிய உடம்பை ஆட்டிவைக்கிறாளே, இருபத்திரண்டு வருடமாக என் கிரேனில் நானும் அதைத்தானே செய்கிறேன்? ஆனால் படம் எடுத்தவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒற்றைக் கையால் கப்பலைத் தூக்குகிறாள். மறுபக்கம் எடைக்கு என்ன இருக்கிறது? அப்படியே குப்புறக் கவிழ வேண்டாமா? காற்று எவ்வளவு என்று ஒருத்தனும் பார்ப்பதில்லை. கீழே நின்று சைகை காட்ட ஆளே இல்லை. என் சைட்டில் இப்படி ஓட்டினால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அனுப்புவது என்றதும் அந்தச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சைட் இன்ஜினியர் வந்திருந்தார். கையில் பழங்கள், வாயில் தயக்கம். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மே கடைசியில உங்களுக்குத் தேர்வு வெச்சிருக்காங்க. ஏறிக் காட்டணும், ஒரு லோடு தூக்கி வெக்கணும், இறங்கணும். முடியலைன்னா கிரேன் அந்தப் புதுப் பையனுக்குப் போயிடும். ஸ்டோர்ல ஒரு சீட் காலியா இருக்கு. ஃபேன் இருக்கு, படி ஏற வேண்டாம்."

ஸ்டோருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். உயரம் எனக்குப் பயமில்லை, அந்த ஏணிதான் பயம். நான் உச்சியிலிருந்து விழவில்லை, எல்லாம் இறங்கிவிட்டோம் என்று நினைத்த இடத்தில், கடைசிக் கம்பிகளில் கால் தவறினேன். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கம்பிதான் தெரிகிறது. பிசியோகாரி வந்து முட்டியை மடக்கச் சொல்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக் கத்துகிறேன். முட்டி மடங்கவில்லை.

பரவாயில்லை. நீ காற்றில் பறந்துவிடாமல் இரு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எனக்கு மூக்கு மேல் கோபம்.

ஸ்டோரா? நீயா? ஆணியை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, மத்தியானம் மேசையில் தலை வைத்துத் தூங்கவா? சின்ன வயதில் என்னை யாராவது தொட்டால் பக்கத்துத் தெரு வரை துரத்திப் போய் அடித்தவள் நீ. நகரத்திலேயே டவர் கிரேனில் ஏறிய முதல் பெண் நீதான் என்று எங்கள் சமையல்காரரிடம் நான் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. இப்போது அவரிடம் என்ன சொல்வது? ஒரு ஏணிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டாள் என்றா?

நான் பார்த்த அனிமேவில் பாதிக்கு மேல் இதே கதைதான். நாயகன் அடி வாங்குவான், கீழே விழுவான், எழுந்து நிற்பான். நான் பொதுவாக அந்த வகையை மதிப்பதில்லை. எழுந்து நிற்பது அவ்வளவு சுலபமா என்று கேலி செய்வேன். சண்டைத் தொடர் ஒன்று ஆயிரம் பாகத்தை நெருங்குகிறது, அவன் இன்னும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டே இருக்கிறான், யாருக்கும் அலுக்கவில்லை. அந்தக் கடலில் மட்டும் இறங்கிவிடாதே, கரை கிடையாது. ஆனாலும் இன்றைக்கு உனக்காக அந்த அசட்டுப் பையன் கட்சியில் சேருகிறேன். எழுந்திரு அக்கா.

சமையல் போட்டித் தொடர் ஒன்றும் டிஸ்கில் இருக்கிறது. ஒரு வாய் சாப்பிட்டதும் நடுவர் கண்ணீர் விட்டு ஆகாயத்தில் பறப்பார். மாமா பார்க்க வேண்டியது. பயிற்சியாக இருக்கும்.

கோபத்துடனும் அன்புடனும்,
வாலு


ஏப்ரல் 16

வாலு,

உன் கடிதத்தை மாமாதான் வாசித்துக் காட்டினார். "ஒரு ஏணிக்குப் பயந்து" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வாசியுங்கள் என்றேன்.

நீ தீவில் உட்கார்ந்து வானிலை பலூன் விடுகிறாய். உன் கால் உன்னிடம் இருக்கிறது. விழுந்தது நான், எலும்பு உடைந்த சத்தத்தைக் கேட்டது நான். உன் சமையல்காரரிடம் பீற்றிக்கொள்வதற்காக நான் ஏற வேண்டுமா? ரொம்ப வலித்தது வாலு. முட்டியைவிட அது வலித்தது.

ஆகவே உன்மேல் இருந்த கடுப்பில், நீ எதைத் தொடாதே என்றாயோ அதைப் போடச் சொன்னேன். "மலைத் தபால்காரி". வேண்டுமென்றேதான். அழ வைக்கும் என்றாயே, பார்த்துவிடலாம் என்று ஒரு பிடிவாதம்.

என்ன சொல்வது? அழவே இல்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாகத்தில் ஒரு அறை. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனிமலை. ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். காலில் போர்வை. ஆணியில் தபால் பை தொங்குகிறது. பாகம் முழுவதும் அவள் வாயே திறக்கவில்லை. முதல் பாகத்திலேயே நாயகியை ஊமையாக உட்கார வைத்துக் கதையைத் தொடங்க, படம் எடுத்த ஆளுக்கு எவ்வளவு தைரியம்! இது என் வீடு, இது என் நாற்காலி, இது நான் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் டிவியை அணைக்கப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

இரண்டாவது பாகத்தில் அவள் இரண்டு கட்டைகளை ஊன்றி நடக்கிறாள்! மூன்றாவதில் ஒரே கட்டை. எப்படி எழுந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. நான் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் அவள் கொஞ்சம் சறுக்கிவிடுகிறாள். தளர்ந்து போய்விடுகிறாள். ஆனால் அடுத்த பாகம் ஆரம்பிக்கும்போது பார்த்தால், முன்பு இருந்ததைவிட நன்றாக இருக்கிறாள். பிசியோகாரி தினம் என்னிடம் கத்துவதும் இதைத்தான். "சாயங்காலம் வலிக்கும்க்கா. மோசமாயிட்ட மாதிரி இருக்கும். காலையில பாருங்க, நேத்தைவிட ஒரு விரக்கடை கூட மடங்கும்." இவ்வளவு நாள் அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நேற்று கொஞ்சம் மடங்கியது. உனக்காக இல்லை.

அக்கா


ஏப்ரல் 30

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. கடல் கொந்தளிப்பாம், படகு போகவில்லையாம், படகுத்துறையில் மாமா விசாரித்துவிட்டு வந்தார். என்மேல் கோபமாக இருப்பாயோ என்று ஒரு மனசு சொன்னது. படகுதான் காரணம் என்று தெரிந்ததும் நிம்மதி. பத்திரமாக இரு. காற்று அளக்கிறேன் பேர்வழி என்று வெளியே போய் நிற்காதே.

தபால்காரியை முடித்துவிட்டோம். நேற்று கடைசிப் பாகம். அடியே, உனக்கு ரசனை இருக்கிறது! இவ்வளவு வருடம் உன்னைக் கேலி செய்ததற்கு உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறேன், போதுமா?

கதையில் ஒரு நாய் வருகிறதே, அதில் மட்டும் எனக்கும் மாமாவுக்கும் சண்டை. முதலில் வரும்போது கிழடாக, கண் தெரியாமல் இருக்கிறது. பிறகு பார்த்தால் மலையெல்லாம் துள்ளுகிறது. இன்னும் போகப் போகக் குட்டியாக வருகிறது. "அது வேற நாய்ம்மா, அதோட குட்டி" என்கிறார் மாமா. அப்படித்தான் இருக்க வேண்டும். உன் ஜப்பான் ஆட்கள் மனிதர்களுக்குத்தான் வயசே ஆக விடுவதில்லை, நாய்க்குமா?

நடுவில் அந்த விழுகிற பாகம். கட்டையை எல்லாம் விட்டு நொண்டி நொண்டி நடந்துகொண்டிருப்பவள், திடீரென்று அந்தப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறாள். நான் கத்திவிட்டேன். பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன். மாமா நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நானே போடச் சொன்னேன். முழுசாகப் பார்த்தேன் வாலு, கால் நழுவுவது, கை பிடி தேடுவது, எல்லாம். அடுத்த பாகத்தில் அவள் நொண்டவே இல்லை! மாமா அது கனவு என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் விழுந்ததை அவள் அதுவரை திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரு முறை நேருக்கு நேர் பார்த்துவிட்டாள், அதோடு கால் சரியாகிவிட்டது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு நானும் என் ஏணியைப் பார்த்தேன். எந்தக் கம்பி, எந்தக் கை, எந்தக் கால். அழுகை வந்தது. பிறகு தூங்கிவிட்டேன். விழுந்த நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக அவளிடம் திரும்பி வருகிறார்கள். சண்டை போட்டுப் பிரிந்த தோழி வருகிறாள், மூடிக்கிடந்த மலைப்பாதை திறக்கிறது. கடைசியில் தபால் அலுவலகத்தின் தலைவர் அவளைக் கூப்பிட்டு, ஆணியிலிருந்து பையை எடுத்து அவள் தோளில் மாட்டி, "இந்த மலை இனி உன் பொறுப்பு" என்கிறாரே! வேலையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்! அவள் உச்சியைப் பார்த்து ஓடுகிறாள். மாமா எழுந்து நின்று கை தட்டினார். நானும் எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான், ஊன்றுகோல் நாற்காலியில் கிடப்பதையே பார்த்தேன்.

இன்று காலை இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "ஸ்டோர்ல வேற ஆளைப் போடுங்க. நான் மே கடைசியில ஏறுறேன்" என்றேன்.

தெருமுனை வரை நடக்கிறேன். மாமா கூட வந்தால் திட்டி அனுப்பிவிடுகிறேன்.

முத்தங்களுடன்,
அக்கா


மே 13

என் தங்க அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக இன்று காலை வந்தன. படகு இன்றே திரும்புகிறது, அதனால் கையெழுத்து கோழி கிளறினாற்போல்தான் இருக்கும்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி. நிலையத் தலைவர் கதவைத் திறந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா! நீ தபால்காரியைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறாய்! கடைசிப் பாகத்தில் ஆரம்பித்து முதல் பாகத்தில் முடித்திருக்கிறாய்!

காரணம் நான்தான். தமிழ் எழுத்து போட உட்கார்ந்தபோது எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கடைசிப் பாகம் இருக்கிறதே, அவள் வாயே திறக்காத பாகம், அனிமேவிலேயே அதை மிஞ்ச ஒரு பாகம் கிடையாது என்று எல்லோரிடமும் சண்டை போடுகிறவள் நான். ஆகவே அதைத்தான் முதலில் செய்தேன். பிறகு அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னாலேயே போனேன். ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்க டிஸ்கில் போட்டேன். உன் டிவி, எது முதலில் டிஸ்கில் ஏறியதோ அதை முதலில் ஓட்டியிருக்கிறது. பாக எண் ஜப்பான் எழுத்தில் இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. மாமாவின் நாய்! வேறு நாயாம்! ஐயோ, நான் இன்னும் சிரிக்கிறேன்.

உண்மையான கதை என்னவென்றால், முதல் நாள் அவளுக்குப் பையைக் கொடுக்கிறார்கள். அவள்தான் அந்த மலையிலேயே வேகமானவள். பிறகு நாய்க்கு வயதாகிறது, தோழி பிரிகிறாள், பாதை மூடுகிறது, அவள் விழுகிறாள், கால் போகிறது, கட்டை வருகிறது, நாற்காலி வருகிறது. கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து

இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

அக்கா, நான் எழுதியதை இப்போதுதான் படித்துப் பார்க்கிறேன். உன் கடிதத்தையும் மறுபடி படித்தேன். நீ எழுந்து நின்றது, இன்ஜினியருக்குப் போன் செய்தது, எல்லாம். நான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன்? நீ அவளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாய். நான் அவள் எழவே இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஆமாம் அக்கா, அருமையான முடிவு" என்று நாலு வரி எழுதிவிடலாம். உன் தேர்வு முடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். ஆனால் உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்றுகூட நிலைத்ததில்லை. போன கடிதத்தில் உன்னைக் காயப்படுத்தினேன். இப்போது ஏமாற்றவும் செய்தால், பிறகு நான் எது சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். ஏணியில் கால் வைத்த பிறகு உனக்கு இது தெரிவதைவிட இப்போதே தெரியட்டும்.

"ஏணிக்குப் பயந்து" என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. ஸ்டோருக்குப் போனாலும் நீ என் அக்காதான். சமையல்காரரிடம் அதையும் பீற்றிக்கொள்வேன்.

படகுக்காரர் சங்கு ஊதிவிட்டார். உறையை மூடுகிறேன்.

வாலு


ஜூன் 1

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மாமா வழக்கம்போல் வாசித்தார். நாய் இடத்தில் அவரும் சிரித்தார். அப்புறம் குரல் இறங்கிப் போய்விட்டது. "மிச்சத்தை நாளைக்குப் படிக்கலாமா?" என்றார். பிடுங்கி நானே படித்தேன்.

மறைக்க மாட்டேன், ஒடிந்துதான் போனேன். அன்றும் மறுநாளும் பயிற்சி செய்யவில்லை. பிசியோகாரி வந்து கதவைத் தட்டினாள், தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். உன்மேல் கோபம், அந்தப் படம் எடுத்தவன்மேல் கோபம், டிவிமேல் கோபம். கால் போன ஒருத்தியின் கதையைப் பார்த்துவிட்டு, ஊர் சிரிக்க எழுந்து குதித்தோமே என்று வெட்கம்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பல் தேய்க்கப் போனேன். தேய்த்துக்கொண்டே நிற்கும்போதுதான் உறைத்தது. நான் கட்டிலிலிருந்து குளியலறை வரை எதையும் பிடிக்காமல் நடந்து வந்திருக்கிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் முட்டி மடங்கியது. கடிதம் வந்த பிறகும் மடங்குகிறது. அங்கேயே உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். உன் கடிதத்தைப் பற்றி முட்டிக்கு ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை!

சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாமா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

நீ சொன்ன வரிசையில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். அவள் முதல் நாள் பையை மாட்டிக்கொண்டு ஓடும் பாகத்தோடு நிறுத்திவிட்டோம். இனிமேல் அவளுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதைப் பார்க்க எங்களுக்கு இஷ்டமில்லை. படம் எடுத்தவனுக்கு அவளை நாற்காலியில் உட்கார வைக்க ஆயிரம் காரணம் இருக்கலாம். அவன் பெரிய கலைஞனாகவே இருக்கட்டும். என் வீட்டில் அவள் எழுந்துவிட்டாள். அவ்வளவுதான்.

நீ உண்மையைச் சொன்னது நல்லதுதான். சொல்லாமல் இருந்து பின்னால் தெரிந்திருந்தால் உன்னைத் தீவோடு சேர்த்துக் கடலில் தள்ளியிருப்பேன்.

இப்போது தேர்வு. நேற்று.

தேர்வாளர் பெரிய தொப்பையும் சின்னக் குரலுமாக ஒருவர். "அவசரமே இல்லம்மா. நடுவுல வேணாம்னு தோணினா கையை ஆட்டுங்க" என்றார். இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். புதுப் பையன், பாவம், எனக்காகச் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றான். மாமா கேட்டுக்கு வெளியே. உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

கடைசிக் கம்பிகள்தானே என்னைத் தள்ளிவிட்டன? ஏறும்போது அவைதான் முதல் கம்பிகள். அவற்றை முதலிலேயே தாண்டிவிட்டேன். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். ஏணியின் முதல் தளத்தில் நின்று மூச்சு வாங்கினேன். முட்டி முனகியது. முனகட்டும் என்று விட்டுவிட்டேன். மேலே போகப் போகக் காற்று முகத்தில் அடித்தது வாலு, அது உன் பக்கத்திலிருந்து வந்ததோ என்னவோ, மழைவாசனை கலந்து வந்தது. கேபின் கதவைத் திறந்தேன். பையன் சீட்டை அவன் நீளக் காலுக்கு ஏற்பப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். இழுத்து என் அளவுக்கு வைத்துக்கொண்டேன். காற்று மீட்டரைப் பார்த்தேன், அளவோடுதான் இருந்தது. லீவரில் கை வைத்தேன். கைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கி, மேல்மாடியில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னார்கள். காற்றில் ஒரு முறை அசைந்தது. ஆட்டத்தோடு கொக்கியையும் நகர்த்தி நிறுத்தினேன். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தேன், கட்டை அசையவில்லை. வைத்ததும் என்னை அறியாமல் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். வெறும் "ஏஏஏய்!" தான். வாக்கி டாக்கி பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்கிறேன், சைட் முழுக்கக் கேட்டிருக்கிறது. உடனே, கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரரின் குரல். "அக்கா, அது நீங்களா, இல்ல சங்கு எதுவும் மாத்திட்டாங்களா?" அவ்வளவுதான், மேல்மாடியில் இருந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார்கள். சிமெண்ட் கலவை லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார், எடுக்கவே இல்லை.

ஆனால் உண்மையான தேர்வு இறங்குவதுதான். அது எனக்கும் தேர்வாளருக்கும் தெரியும். அவர் ஏணிக்கு அடியில் வந்து நின்றுகொண்டார். இறங்கினேன். கடைசித் தளம் வந்தது. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தரை தெரிகிறது, இறங்கிவிட்டோம் என்று மனம் சொல்கிறது. இன்னும் இறங்கவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். கை, கால், கை, கால். அந்தக் கம்பி வந்தது. அதில் வேண்டுமென்றே இரண்டு காலையும் வைத்து நின்றேன். நன்றாகவே நின்றேன். பிறகு மிச்சத்தையும் இறங்கி, தரையில் கால் வைத்தேன்.

தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய் ஓய்வெடுங்கம்மா, நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார். கேட்டைத் திறந்தால் மாமா அங்கே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். "என் சத்தம் கேட்டுச்சா?" என்றேன். "தெருவுக்கே கேட்டுது" என்றார். எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தார். விடவே இல்லை.

இன்று காலை ஏறிவிட்டேன். இடைவேளை. மற்றவர்கள் சாப்பிட இறங்கிவிட்டார்கள், எனக்கு இறங்க மனமில்லை, தாளை மடியில் வைத்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் நம் தெரு தெரிகிறது, துறைமுகம் தெரிகிறது, அதற்கப்பால் கடல். உன் தீவு தெரியவில்லை. அந்தத் திசையில் ஒரு மேகம் நிற்கிறது, அதை நீ உன் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த டிஸ்கை அனுப்பு. எந்தெந்தப் படம் என்று நீயே முடிவு செய். எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். நீயும் உன் தபால்காரியை ஒரு தடவை என் வரிசையில் பார். சமையல்காரரையும் தலைவரையும் கூட உட்கார வைத்துக்கொள். கை தட்டாவிட்டால் எனக்கு எழுது, நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

சிக்னல்காரர் கூப்பிடுகிறார். "லோடு கட்டியாச்சுக்கா. தூக்கலாமா?"

தூக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன், மேலேயிருந்து,
அக்கா